இமை சாய்ந்தால் குடிகாரன் என்பதா?

காலையில் வேலைக்கு இறங்கும்போது ஆள் நன்றாக இருப்பார். வெயில் ஏற ஏற இமை சாயும், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், நாக்கு குழறும், சோறு தொண்டையில் நிற்கும். கொஞ்சம் உட்கார்ந்தால் தெளியும். மறுபடி மண்வெட்டியைத் தூக்கினால் மறுபடி சாயும். நரம்பு அனுப்பும் சேதியைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிற இந்த நோய்க்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர். அமிதாப் பச்சனுக்கு 1980களில் வந்தபோது நாடே கவலைப்பட்டது. நூறு நாள் வேலையில், பருத்திக் காட்டில், சேரி ஆளுக்கு வந்தால் பெயர் மாறிவிடுகிறது: சோம்பேறி, குடிகாரன்.

எத்தனை பேருக்கு வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. பத்து லட்சம் பேரில் 150 முதல் 200 பேருக்கு இந்நோய் இருக்கும் என்பது உலக அளவிலான மதிப்பீடு. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரும் அரியலூரும் சேர்த்து 13 லட்சம் பேர். அப்படியானால் சுமார் 200 பேர். பெரம்பலூரில் நூற்றுக்கு 31 பேரும் அரியலூரில் 23 பேரும் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரி 20. எங்கள் மக்களில் மட்டும் ஐம்பதுக்குக் குறையாது. அவர்களில் எத்தனை பேர் கையில் நோயின் பெயர் எழுதிய சீட்டு இருக்கிறது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிச் சீட்டு காலையில். இந்த நோய் முகம் காட்டுவதோ சாயங்காலம். கண் திறந்திருக்கும் நேரத்தில் பார்த்துவிட்டு, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினால் எப்படித் தெரியும்? ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொன்னால் இமை தானாக இறங்கும். அதன் மேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்தால் ஏறும். தடுப்பூசிக்காக ஐஸ் பை வைத்திருக்கும் எந்த நிலையத்திலும் செய்யக்கூடிய சோதனை இது. கண்டுபிடிக்காமல் விடுவது சோம்பல் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. காய்ச்சலுக்கும் சளிக்கும் சாதாரணமாக எழுதித் தரும் சிப்ரோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின் போன்றவை இந்த நோயாளியின் மூச்சை நிறுத்தக்கூடும். சிப்ரோஃப்ளாக்சசின் வகைக்கு அமெரிக்காவில் 2011லேயே பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டார்கள்.

இமை சாய்வது எங்கள் பகுதி மருத்துவர்களுக்குத் தெரியாத குறியல்ல. கட்டுவிரியனோ நல்ல பாம்போ கடித்தால் முதலில் சாய்வது இமைதான். நல்ல பாம்புக் கடிக்குப் போடும் நியோஸ்டிக்மினின் உறவுக்கார மருந்துதான் இதற்கான பைரிடோஸ்டிக்மின். 2017இல் பெரம்பலூரில் பருத்திக்கு மருந்து அடித்த கூலிகள் விஷம் ஏறிச் செத்தார்கள். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து எந்த நொதியை முடக்குகிறதோ, அதையே அளவாகத் தடுத்துத்தான் இந்த மாத்திரையும் வேலை செய்கிறது. விஷம் மட்டும் எங்கள் காடுவரை வந்து சேர்கிறது.

இந்த வகை மருந்து பலன் தரும் என்று மேரி வாக்கர் லண்டனில் காட்டியது 1934இல். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பைரிடோஸ்டிக்மின் இருக்கிறது. கூடவே ஸ்டீராய்டு, அசதயோபிரின். சிலருக்கு தைமஸ் சுரப்பியை எடுக்கும் அறுவை. அறுவை பலன் தருவதை 126 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2016இல் உறுதி செய்தது. ஆனால் முதல்வர் காப்பீட்டு அட்டை படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். தினம் மூன்று நான்கு வேளை போடும் மாத்திரைக்காகத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. மாத்திரை நின்று, மூச்சுத் திணறி, வென்டிலேட்டரில் கிடத்திய பிறகு அரசு லட்சங்களைக் கட்டுகிறது. இது என்ன சிக்கனம்?

ஆராய்ச்சி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். 2017இல் எக்குலிசுமாப், 2021இல் எஃப்கார்டிகிமாட் என்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகளுக்கு அங்கே ஆண்டுச் செலவு கோடிகளில். மறுபக்கம், நோய் தொடங்கிய காலத்தில் ரிடுக்சிமாப் ஒரே ஒரு தவணை, 500 மில்லிகிராம், நல்ல பலன் தந்ததாக 47 பேரிடம் நடந்த ஸ்வீடன் ஆய்வு 2022இல் சொன்னது. இந்த மருந்தின் மலிவு வடிவத்தை ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 2007இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. இங்கே பெரிதாக ஆய்வு செய்ய எந்தக் கம்பெனி முன்வரும்? லாபமில்லை. அரசுதான் செய்ய வேண்டும்.

ஆய்வு என்றாலே எங்களுக்கு வயிறு கலங்குவதும் உண்மை. 2009இல் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட்டபோது ஒப்புதல் கையெழுத்து போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். அந்த மாதிரி ஆய்வு வேண்டாம். நோயாளியிடம் தமிழில் விளக்கி, அவர் கையெழுத்தையே வாங்கி, ஆய்வு முடிந்த பிறகும் மருந்தை இலவசமாகத் தருகிற ஆய்வு வேண்டும்.

2022இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்குக் குழுமூர் அனிதாவின் பெயர் வைத்தார்கள். சரியே. பெரம்பலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியே இல்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அந்தப் பையில் பைரிடோஸ்டிக்மினையும் வையுங்கள். அரியலூர் கல்லூரியில் வாரம் ஒரு நாள், மதியத்துக்கு மேல், நரம்பியல் புறநோயாளிப் பிரிவு நடத்துங்கள். கொடுக்கக்கூடாத மருந்துகளைத் தமிழில் அச்சடித்த அட்டை ஒன்றை ஒவ்வொரு நோயாளி கையிலும் கொடுங்கள். இரு மாவட்ட ஆட்சியர்களிடமும் மனுவாகக் கொடுக்கப் போவது இதைத்தான்.