கணினியில் நமது கோப்பு: யார் திறந்தார், ஏன் திறந்தார்?

எஸ்டோனியாவில் ஒரு குழந்தை பிறந்து அதன் பெயர் மக்கள் பதிவேட்டில் ஏறியதும், குடும்ப உதவித்தொகைக்காகப் பெற்றோர் எந்த அலுவலகத்தின் வாசலிலும் காத்திருக்க வேண்டியதில்லை. சமூகக் காப்புறுதி வாரியமே அவர்களுக்கு எழுதுகிறது. உங்களுக்கு இன்னின்ன உதவிகள் உரியவை, இந்த வங்கிக் கணக்கில் செலுத்தலாமா என்று கேட்கிறது. பெற்றோர் சம்மதித்தால் பணம் வந்து சேர்கிறது. 2019 முதல் இதுவே அங்கு நடைமுறை.

பிறப்புச் சான்றிதழின் பிரதி, அந்தப் பிரதி உண்மையானது என்பதற்கு ஒரு கையொப்பம், வசிப்பிடத்தை உறுதிப்படுத்த இன்னொரு கடிதம் என்று காகிதக் கட்டுகளைச் சுமந்து பழகிய தமிழர்களுக்கு இது சற்று நம்ப முடியாத செய்தியாகவே இருக்கும். அரசின் ஓர் அலுவலகம் கொடுத்த சான்றிதழை அதே அரசின் இன்னோர் அலுவலகத்துக்குக் குடிமகன் தூக்கிச் செல்வது ஏன் என்ற கேள்வியை எஸ்டோனியா 20 ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டுவிட்டது. ஒரே தகவலைத் திரட்டுவதற்கு இரண்டு தரவுத்தளங்களை அமைப்பதை அந்நாட்டின் சட்டம் தடை செய்கிறது. முகவரி மக்கள் பதிவேட்டில் இருந்தால், மற்ற அலுவலகங்கள் அங்கிருந்துதான் அதைப் பெற வேண்டும்.

இதனைச் சாத்தியமாக்குவது 2001ல் தொடங்கப்பட்ட எக்ஸ்-ரோட் என்ற தகவல் பரிமாற்ற ஏற்பாடு. அது பிரமாண்டமான ஒரே தரவுத்தளம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. மருத்துவத் தகவல் மருத்துவ அமைப்பிடமும், வரித் தகவல் வரித்துறையிடமும், வாகனத் தகவல் வாகனப் பதிவகத்திடமுமே இருக்கின்றன. ஒரு துறை இன்னொரு துறையிடம் கேள்வி கேட்கும்போது அக்கேள்வியும் பதிலும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டு, மின்னணுக் கையொப்பமும் நேர முத்திரையும் இடப்பட்டுச் செல்கின்றன. கேட்டது யார், எப்போது என்பது பதிவாகிவிடுகிறது. 2002ல் வழங்கத் தொடங்கிய மின்னணு அடையாள அட்டையே குடிமக்களுக்கு இந்த ஏற்பாட்டின் திறவுகோல்.

எஸ்டோனியாவைப் பாராட்டுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே பாராட்டுகிறார்கள். என் பார்வையில் அதைவிட முக்கியமானது, அந்தப் பதிவு அரசோடு நின்றுவிடாமல் குடிமகனுக்கும் காட்டப்படுகிறது என்பதாகும். அரசு இணையதளத்தில் நுழையும் ஒருவர், தன்னைப் பற்றிய விவரங்களை எந்த அமைப்பு எந்த நாளில் பார்த்தது என்பதை அறியலாம். எல்லாத் தரவுத்தளங்களும் இந்த வசதியில் இன்னும் இணைந்துவிடவில்லை என்பது உண்மைதான். ஆயினும் தொடர்பில்லாத மருத்துவர் ஒருவர் தனது மருத்துவக் கோப்பைத் திறந்திருந்தால் நோயாளியால் அதைக் கண்டுபிடிக்க முடியும், முறையிடவும் முடியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. 2017ல் அடையாள அட்டைகளின் சில்லில் பாதுகாப்புக் குறைபாடு இருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ 7 லட்சத்து 60 ஆயிரம் அட்டைகள் பாதிக்கப்பட்டன. சுமார் 13 லட்சம் பேர் வாழும் நாட்டில் இது எத்தகைய அதிர்ச்சி என்று சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கம் அதை மூடி மறைக்காமல் அந்த ஆண்டு செப்டம்பரில் பகிரங்கமாக அறிவித்தது. நவம்பரில் அந்த அட்டைகளின் மின்னணுச் சான்றுகளை நிறுத்தி வைத்துப் புதுப்பித்தது. 2021ல் இன்னொரு சம்பவத்தில் சுமார் 2 லட்சத்து 86 ஆயிரம் பேரின் அடையாளப் படங்கள் திருடப்பட்டபோதும் செய்தி வெளியே சொல்லப்பட்டது. சிறிய நாடு, 1991க்குப் பின்னர் ஏறக்குறைய வெற்றுத் தாளில் நிர்வாகத்தை எழுதத் தொடங்கிய நாடு என்பதால் இவையெல்லாம் எளிதாயின என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் உண்மையைச் சொல்வதற்கு நாடு சிறியதாக இருக்க வேண்டியதில்லை.

நெதர்லாந்தின் கறுப்புப் பக்கங்கள்

தகவல் நிர்வாகத்தில் எஸ்டோனியாவுக்குக் குறைந்தது அல்ல நெதர்லாந்து. அங்கும் பதிவேடுகள் ஒன்றோடொன்று இணைந்தவை. குழந்தைப் பராமரிப்புக்கான அரசு உதவியை வரித்துறை முன்கூட்டியே வழங்கி, பின்னர் கணக்குப் பார்த்து வந்தது. மோசடி நடப்பதாக எழுந்த அரசியல் கூச்சலுக்குப் பிறகு, விண்ணப்பங்களை ஆபத்து அளவுப்படி தரம் பிரிக்கும் கணினி முறை 2013 முதல் பயன்படுத்தப்பட்டது. விண்ணப்பதாரர் நெதர்லாந்துக் குடியுரிமை பெற்றவரா இல்லையா என்பதும் அந்தக் கணக்கீட்டின் ஒரு கூறு.

விளைவு பாரதூரமானது. விடுபட்ட ஒரு கையொப்பம், செலுத்தத் தவறிய ஒரு சிறு பங்கு போன்ற காரணங்களுக்காக, பெற்ற தொகை முழுவதையும் திருப்பிச் செலுத்துமாறு பல்லாயிரம் பெற்றோர் கேட்கப்பட்டனர். வீடுகள் போயின, குடும்பங்கள் பிரிந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த ஆண்டுகளில் வீட்டுக்கு வெளியே பராமரிப்பில் வைக்கப்பட்டிருந்ததாகப் புள்ளிவிவரத் துறை பின்னர் தெரிவித்தது. நாடாளுமன்றக் குழு 2020 டிசம்பரில் இதனை முன்னெப்போதும் இல்லாத அநீதி என்று வர்ணித்தது. 2021 ஜனவரி 15ஆம் தேதி பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. இரட்டைக் குடியுரிமை விவரங்களைச் சட்டவிரோதமாகக் கையாண்டதற்காக வரித்துறைக்கு 27 லட்சத்து 50 ஆயிரம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது.

பழி முழுவதையும் கணினி மீது சுமத்திவிட முடியாது. எதுவும் தவறினால் எல்லாவற்றையும் திரும்பக் கொடு என்ற கடுமையான விளக்கத்தை உயர் நிர்வாக நீதிமன்றமே 2019 அக்டோபர் வரை ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு காட்சி பலரின் நினைவில் தங்கிவிட்டது. தங்கள் கோப்பைக் காட்டுங்கள் என்று கேட்ட பெற்றோருக்குக் கிடைத்தவை பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசப்பட்ட தாள்கள். அதே வரித்துறை வைத்திருந்த மோசடிச் சந்தேகப் பட்டியல் ஒன்றில் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர் இருந்தனர். தாம் அதில் இருப்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

இரு நாடுகளிலும் தொழில்நுட்பம் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றில் தன் கோப்பைத் திறந்தவர் யார் என்பது குடிமகனுக்குத் தெரிகிறது. மற்றதில் கோப்பின் உள்ளே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

நம் பெயர்களும் கணினியின் கட்டங்களும்

புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு இது அடுத்த வீட்டு விவகாரம் அல்ல. குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத சமூகம் நாம். இலங்கைத் தமிழர் தந்தையின் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதுகிறார்கள். மேற்கு நாட்டுப் படிவம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. எனவே ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தம்பியும் கணினிக்கு இரு வேறு குடும்பத்தினர். தமிழ்நாட்டிலிருந்து வருபவரின் முதலெழுத்து விரிந்து தந்தையின் பெயராகி, அதுவே அவரது குடும்பப் பெயராகவும் ஆகிவிடுகிறது. ழகரமோ ஆங்கிலத்தில் அலுவலகத்துக்கு அலுவலகம் உருமாறுகிறது. ஆவணமின்றி வந்தவர்கள் பலருக்கு ஜனவரி முதல் தேதியே பிறந்த நாள். காகித காலத்தில் நல்ல மனம் கொண்ட ஓர் எழுத்தர் இதைப் புரிந்துகொண்டு கடந்து போகலாம். பதிவேடுகளைத் தானாக ஒப்பிடும் இயந்திரத்துக்கு அது முரண்பாடு, முரண்பாடு என்றால் சந்தேகம்.

இந்தியாவிலும் இதன் விலையை ஏழைகள் கொடுத்தார்கள். ஓய்வூதியப் பட்டியலை ஆதார் எண்ணுடன் இணைத்தபோது, ராஜஸ்தானில் உயிரோடிருந்த முதியவர்கள் இறந்தவர்களாகக் குறிக்கப்பட்டு உதவியை இழந்த சம்பவங்கள் 2016 வாக்கில் வெளிவந்தன. அதே ராஜஸ்தானில்தான், மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் போன்ற மக்கள் அமைப்புகளின் நீண்ட கோரிக்கைக்குப் பின்னர், 2019 செப்டம்பரில் ஜன் சூச்னா என்ற இணையதளம் திறக்கப்பட்டது. எந்த ஊரில் யாருக்கு எந்த உதவி ஒதுக்கப்பட்டுள்ளது என்பதை விண்ணப்பம் எழுதாமலே அங்கு பார்க்கலாம். அண்டை வீட்டாரின் விவரமும் அதில் தெரிகிறது என்பது சங்கடமான அம்சம். பெயர் நீக்கப்பட்ட மூதாட்டிக்கு அந்தச் சங்கடம் பெரிதாகத் தோன்றுமா என்பது வேறு கேள்வி.

இலங்கையில் கைரேகை, கருவிழி விவரங்களுடன் கூடிய டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியா நிதியுதவி வழங்குகிறது. அதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2022 மார்ச்சில் கையெழுத்தானது. தரவுகள் இந்தியாவின் கைக்குப் போகுமா என்பதே கொழும்பில் அதிகம் விவாதிக்கப்படுகிறது. வடக்கு கிழக்கைப் பொறுத்தவரை அதற்கு முந்திய ஒரு கேள்வி இருக்கிறது. இடப்பெயர்வுகளில் சான்றிதழ்களைத் தொலைத்த குடும்பங்களின் முதல் பதிவு எதை ஆதாரமாகக் கொண்டு எழுதப்படும்? காணாமற்போனவர்கள் எந்தக் கட்டத்தில் எழுதப்படுவார்கள்? மரணச் சான்றிதழை ஏற்க மறுத்த உறவினர்களுக்காகவே, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் தனிச் சான்றிதழை 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கியது. உயிருடன் இருக்கிறார், இறந்துவிட்டார் என்ற இரண்டே கட்டங்களைக் கொண்ட தரவுத்தளத்தில் அந்தச் சான்றிதழுக்கு இடமில்லை.

தன்னைப் பற்றிய விவரங்களைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் 2022ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையருக்கு உரிமை அளித்திருக்கிறது. முல்லைத்தீவில் ஒரு தாய் அந்த உரிமையைத் தமிழில், அருகிலுள்ள பிரதேச செயலகத்தில், கட்டணமின்றிப் பயன்படுத்த முடியுமா என்பதைத் திட்டத்தை வடிவமைப்பவர்கள் முதலாவது கைரேகையைப் பதிவு செய்வதற்கு முன்னரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.