கன்னிப்பூ காலத்துக் காற்றும் ஜெர்மன் கடனும்

வட்டக்கோட்டை மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று வைகாசியில் வலுத்து ஆவணி தாண்டியும் வீசும். நமக்கு அது கன்னிப்பூ நெல் வயலில் நிற்கும் காலம். கால்வாய் நீர் கடைமடை வரை வராத ஆண்டில் மோட்டாரை நம்பித்தான் கதிர் முற்றுகிறது. காற்று மின்சாரம் மிகும் மாதங்களும் நமக்கு மின்சாரம் மிகத் தேவைப்படும் மாதங்களும் ஒன்றுதான்.

இந்தக் காற்றாலைகளுக்கு வெளிநாட்டுக் கடன் புதிதல்ல. 1987-இல் தொடங்கப்பட்ட இரேடா நிறுவனத்தின் வழியே 1990-களில் உலக வங்கியின் கடன் காற்றாலைகளுக்கு வந்தது. முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானக் கழிவு என்ற வரிச்சலுகையும் சேர, நூற்பாலைகள் போட்டிபோட்டு முதலீடு செய்தன. நிலத்தை விற்றவருக்கோ ஒருமுறை கிடைத்த விலையோடு சரி.

பிறகு வேறொரு சிக்கல். கொண்டுசெல்லக் கம்பி போதாததால், நன்றாகக் காற்றடிக்கும்போதே காற்றாலைகளை நிறுத்தச் சொன்னார்கள். அதைத் தீர்க்க வந்ததே பசுமை மின்வழித்தடத் திட்டம். தமிழகம் உள்ளிட்ட 8 மாநிலங்களில் அதன் முதல் கட்டச் செலவில் 40 சதவீதம் மத்திய அரசின் மானியம், 40 சதவீதம் ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வளர்ச்சி வங்கிக் கடன், 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு.

கம்பி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உயர் அழுத்தக் கம்பி நம் வயலைத் தாண்டிப் போகுமே தவிர, நம் டிரான்ஸ்பார்மரில் இறங்காது. கடனைத் திருப்பிக் கட்டுவது மின்தொடரமைப்புக் கழகம். இலவச மின்சாரம் பெறும் நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். கடன் கழுத்தை நெரிக்கும்போது முதலில் தள்ளிப்போவது புதிய விவசாய இணைப்பும், பழுதான டிரான்ஸ்பார்மரை மாற்றும் வேலையும்தான்.

எனவே அடுத்த கடனில் ஒரு பங்கையாவது விவசாய மின்வழியிலேயே சூரிய மின்நிலையம் அமைக்கக் கேட்க வேண்டும். 2019-இல் வந்த பிஎம்-குசும் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. பம்புசெட் அதிகம் ஓடுவதும் பகலில்தானே. தரிசு நிலத்தில் 2 மெகாவாட் வரை விவசாயியே மின்நிலையம் அமைத்து விற்கவும் வழியுண்டு. 1 மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் ஆகும். கூட்டாகச் சேர்ந்தால் எட்டாத அளவல்ல.

நிலத்தைக் குத்தகைக்கு மட்டும் கொடுப்பவர்கள் கையெழுத்திடும் முன் சிலவற்றைப் பாருங்கள். 25 ஆண்டுக்கு வாடகை ஒரே தொகையா, கூடுமா? காலம் முடிந்ததும் காங்கிரீட்டைப் பெயர்த்தெடுப்பது யார் பொறுப்பு? வாடகையை மின் விநியோக நிறுவனமே நேரடியாக உங்கள் கணக்கில் செலுத்த குசும் விதிகளில் வழியுண்டு, கேட்டு வாங்குங்கள். இருபூ விளையும் நஞ்சையை இதற்குத் தர வேண்டாம் என்பது என் கருத்து.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சோலார் பம்புசெட் மானிய விண்ணப்பத்தை வாங்குவதோடு நிறுத்தாமல், இந்தக் குத்தகை ஒப்பந்தத்தையும் தமிழில் படித்துக் காட்டுங்கள். நாகர்கோவில் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், நம் துணைமின் நிலையங்களில் எவற்றில் சூரிய மின்சாரத்தை ஏற்க இடமிருக்கிறது என்ற பட்டியலை விவசாயிகள் எழுத்திலேயே கேட்கட்டும்.