சிப் இருக்கு சார்!

புராஜெக்ட் வைவாவில் "பேட்டரிக்கு ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு என்னப்பா?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான். "மாட்யூல்லயே சிப் இருக்கு சார்." சாரும் தலையாட்டிவிடுவார். எத்தனை ஆம்பியரில் துண்டிக்கும் என்று அவர் கேட்பதில்லை, கேட்டால் இவனுக்கும் தெரியாது!

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும் டிபி4056 போர்டைத்தான் மாட்யூல் என்கிறார்கள். டிபி4056 செய்வது சார்ஜிங் மட்டும். காவல்காரன், பக்கத்தில் இருக்கும் ஆறு கால் டிடபிள்யூ01ஏ. அவன் சொன்னால் திறந்து மூடும் கதவு எட்டு கால் 8205ஏ, அதாவது உள்ளே இரண்டு மாஸ்ஃபெட். (இந்த இரண்டும் இல்லாத போர்டும் டிபி4056 என்ற அதே பெயரில் விற்கிறது. அதை வாங்கிவந்தும் "சிப் இருக்கு சார்" தான்!)

விஷயம் என்னவென்றால், டிடபிள்யூ01ஏ ஆம்பியரை அளப்பதே இல்லை. அது பார்ப்பது அந்த மாஸ்ஃபெட் ஜோடியின் குறுக்கே விழும் வோல்டேஜை. சுமார் 150 மில்லிவோல்ட்டைத் தாண்டி 10 மில்லிசெகண்ட் போல நீடித்தால் துண்டித்துவிடும். 8205ஏ-வில் ஒரு மாஸ்ஃபெட் சுமார் 25 மில்லிஓம், தொடராக இரண்டுக்கும் 50. 150-ஐ 50-ஆல் வகுத்தால் 3 ஆம்பியர். ஆக, லிமிட்டில் பாதியை முடிவு செய்வது மாஸ்ஃபெட்!

இது தெரியாமல், "சூடாகுதுடா" என்று 5 மில்லிஓம் மாஸ்ஃபெட்டாகப் பார்த்து மாற்றுகிறவர்கள் உண்டு. சூடு குறையும், உண்மை. லிமிட் 15 ஆம்பியருக்குப் போய்விடும், அதுவும் உண்மை. 3 ஆம்பியருக்குப் போட்ட மெல்லிய ஒயரின் கதி? அந்த 3 கூட நிலையான எண் இல்லை. மாஸ்ஃபெட் சூடானாலும் பேட்டரி இறங்கினாலும் ரெசிஸ்டன்ஸ் ஏறும், லிமிட் இறங்கும்.

மைக்ரோசெகண்டில் துண்டிக்கும் ஷார்ட் பாதுகாப்பு தனியாக இருக்கிறதே என்பார்கள். அது விழிப்பது சுமார் 1.35 வோல்ட்டில். 50 மில்லிஓமில் அதற்கு 27 ஆம்பியர் ஓடவேண்டும். செல்லும் ஒயரும் சேர்ந்து 150 மில்லிஓம் இருந்தால் நேரடி ஷார்ட்டிலும் 20 ஆம்பியர்தான் ஓடும். வேகமான காவல் தூங்கும்... 10 மில்லிசெகண்டும் குட்டி மாஸ்ஃபெட் தாங்கியாக வேண்டும்.

இதைவிடக் கொடுமை, மோட்டார் வைத்த புராஜெக்ட். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டில் சிப் துண்டிக்கிறது. உடனே "சிப் வேஸ்ட்" என்று தீர்ப்பு, பேட்டரி மைனஸில் இருந்து அவுட்புட் மைனஸுக்கு ஒரு ஒயர். டெமோ ஓடுகிறது, கைதட்டல் கிடைக்கிறது, லித்தியம் செல் காவலே இல்லாமல் ஹாஸ்டல் அறைக்குத் திரும்புகிறது. சிப் மேல் என்ன தப்பு? மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்ட்டையும் அது நீடிக்கும் நேரத்தையும் அளந்துவிட்டு, அதற்கு ஏற்ற மில்லிவோல்ட்டும் டிலேயும் உள்ள சிப்பைத் தேடியிருக்கலாம். எஸ்-8261 வரிசையில் வேறு வேறு மில்லிவோல்ட்டுக்குத் தனித்தனி பார்ட் நம்பரே இருக்கிறது. தனி ஷண்ட் ரெசிஸ்டரில் அளக்கும் சிப் என்றால் மாஸ்ஃபெட்டை மாற்றினாலும் லிமிட் நகராது.

பாலிஃபியூஸ் போதும் என்பவர்களுக்கு: அது சூடாகித்தான் துண்டிக்கும், அதற்குள் மாஸ்ஃபெட் போயிருக்கும். இரண்டாவது காவலாக வைக்கலாம், தப்பில்லை. செல்லுக்கு உள்ளேயே ஷார்ட் ஆனால் வெளியில் இருக்கும் எந்தச் சிப்பாலும் ஒன்றும் செய்யமுடியாது. 2016-ல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தது அப்படித்தான்.