ஆதாரம் இல்லாத ஆராய்ச்சி!



நம் வீட்டுப் பிள்ளை எஸ்.பி.எம். எழுதினால் "எத்தனை ஏ?" என்று அக்கம்பக்கம் எல்லாம் விசாரிக்கும். அதே பிள்ளை முதுகலை, முனைவர் ஆய்வுக்குப் போய்விட்டால் அந்தக் கேள்வி நின்றுவிடுகிறது. "அது பெரிய படிப்பு, நமக்கென்ன தெரியும்?" என்று பெற்றோர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஆய்வுப் படிப்பு பெரும்பாலும் ஒரு மாணவருக்கும் அவருடைய மேற்பார்வையாளருக்கும் இடையில் நடப்பது. அங்கே நடந்ததற்கு முக்கியமான சாட்சி, ஒவ்வொரு செமஸ்டரும் எழுதப்படும் முன்னேற்ற அறிக்கை. மலாயில் 'லாப்போரான் கெமாஜுவான்'. மாணவர் செய்த வேலையை எழுதுகிறார், மேற்பார்வையாளர் மதிப்பிடுகிறார். 'தீடாக் மெமுவாஸ்கான்' (திருப்தியில்லை) என்று தொடர்ந்து இருமுறை விழுந்தால், சில பல்கலைக்கழகங்களில் பதிவே ரத்தாகலாம்!

இவ்வளவு கனமான அறிக்கையைச் சடங்காக எண்ணி, "எல்லாம் சரி" என்று இரண்டு வரி எழுதி அனுப்பும் மாணவர்கள் உண்டு. மேற்பார்வையாளர் மாதக்கணக்கில் சந்திக்கவில்லை. கொடுத்த அத்தியாயம் திரும்பி வரவில்லை. பாதியில் அவர் வேறு இடத்துக்கு மாறிவிட்டார். இதில் எதுவும் அறிக்கையில் இருக்காது. கடைசியில் நீக்கக் கடிதம் வந்த பிறகு வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். ஆதாரம் எங்கே?

சட்டம் தெளிவானது. ஆய்வின் தரம் என்ன என்பதில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. விதிமுறை பின்பற்றப்பட்டதா, மாணவரின் பக்கம் கேட்கப்பட்டதா என்றுதான் பார்க்கும். அரசுப் பல்கலைக்கழகத்தின் முடிவை எதிர்த்து நீதிமன்ற மறுஆய்வு கோர, 2012 நீதிமன்ற விதிகளின் 53ஆம் ஆணைப்படி 3 மாத அவகாசமே உண்டு. அதற்குள் நான்காண்டுக் கதையை நினைவிலிருந்து நிரூபிக்க முடியுமா?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டிய நம் பாட்டிமாரில் பலருக்கு எழுத்தறிவில்லை. ஆனாலும் ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கண்ணை எடுக்க மாட்டார்கள். கிராணி குறைத்து எழுதினால் கூலி குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த விழிப்பு பேரப்பிள்ளைகளுக்கும் வேண்டும்.

மாணவர்களே! ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பேசியதை அன்றே மின்னஞ்சலில் மேற்பார்வையாளருக்கு எழுதி அனுப்புங்கள். தாமதம் யாருடையது என்பதை அறிக்கையில் மரியாதையாக, தேதியோடு குறிப்பிடுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே! "இந்த செமஸ்டர் அறிக்கையில் என்ன எழுதினார்கள்?" என்று கேளுங்கள். அதைக் கேட்கப் பட்டம் தேவையில்லை.

தஞ்சோங் மாலிம் உப்சி, ஸ்ரீ இஸ்கண்டார் பெட்ரோனாஸ், கம்பார் உத்தார் என்று பேராக்கிலேயே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகங்களிடமும் உயர்கல்வி அமைச்சிடமும் நாம் கேட்பது இவைதான்:

1. மேற்பார்வையாளரின் கருத்தை மாணவர் படித்து, பதில் எழுதும் உரிமை வேண்டும்.

2. முதல் 'தீடாக் மெமுவாஸ்கான்' விழுந்ததுமே எழுத்துப்பூர்வ எச்சரிக்கையும் மீட்புத் திட்டமும் வேண்டும்.

3. மேற்பார்வையாளர் விலகினால் குறிப்பிட்ட காலத்துக்குள் மாற்று ஏற்பாடு வேண்டும்.

4. பாதியில் நின்றவர்களின் எண்ணிக்கையை இனவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

2023க்குள் 60,000 முனைவர்களை உருவாக்குவோம் என்று மைபிரைன்15 திட்டத்தில் அரசு இலக்கு வைத்தது. எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பது மட்டும் கணக்கல்ல. உள்ளே போய் வெளியே வராத பிள்ளைகளும் கணக்கில் வர வேண்டும். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

கேட்போம். எழுதி வைப்போம். உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டோம்!