ஒட்டகத்தைக் கட்டிய பின்னர்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைப்பதா, கட்டாமலே ஒப்படைப்பதா என ஒருவர் வினவினார். முதலில் கட்டுமாறும், பின்னர் இறைவனை நம்புமாறும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்கு விடையளித்ததாகத் திர்மிதி நபிமொழித் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. முயற்சிக்கும் நம்பிக்கைக்கும் உள்ள உறவை இதனினும் சுருக்கமாக விளக்குதல் அரிது. இச்செய்தியை மீண்டும் என் நினைவிற்குக் கொணர்ந்தது, நம் துறையில் பயின்று ஆஸ்திரேலியாவில் வாழ்ந்துவரும் முன்னாள் மாணவி ஒருவரின் மடல்.

அந்நாட்டில் விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு நெடுந்தொலைவு சென்று கூடாரமிட்டுத் தங்கும் வழக்கம் பரவலாக உண்டு. கூடாரம், படுக்கை, அடுப்பு ஆகியவற்றை அடக்கிய 'கேம்பர் டிரெய்லர்' என்னும் இழுவண்டியைக் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வர். மாணவியின் இல்லத்தில் அவ்வண்டியை இழுத்துச் செல்லத் தெரிந்தவர் கணவர் ஒருவரே. அவருக்கு இதய அறுவை நடந்தது. அதன்பின் ஒரு வினா மாணவியின் உறக்கத்தைக் கெடுத்தது. நார்ஸ்மன் ஊரிலிருந்து போர்ட் அகஸ்டா வரை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் நீளும் நல்லர்பார் பெருவழியில், வளைவே இல்லாத நேர்ப்பகுதி மட்டும் 146.6 கிலோமீட்டர். ஊர்கள் அருகிய அத்தகைய வழியில் கணவர் சோர்ந்துவிட்டால் வண்டியை ஓட்டுவது யார்?

அவர் கற்கத் தொடங்கினார். முதலில் ஆளில்லாத் திடல்; பின்னர்ச் சுமையில்லாத வண்டியோடு குறுந்தொலைவு; அதன்பின் சுமையோடு ஓரிரவுப் பயணம். பின்னோக்கிச் செலுத்துவதே பெரும் இடராக இருந்ததாம். ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் இழுவண்டியின் பின்புறம் இடப்புறம் செல்லும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பற்றிக்கொண்டால், கை செல்லும் திசையிலேயே வண்டியும் செல்லும் என்னும் நுட்பம் அச்சிக்கலை அவிழ்த்தது. சுமை ஏற்றுவதிலும் கணக்கு உண்டு. மொத்த எடை 1,200 கிலோ எனில் ஏறத்தாழ 120 கிலோ, அதாவது 10 விழுக்காடு, இணைப்புக் கொக்கியின்மேல் அமைதல் வேண்டும். முன்பாரம் குறைந்தால் வண்டி வால்போல் ஆடத் தொடங்கும். அப்போது பதறிப் பிரேக்கை அழுத்தாது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தை மெல்லத் தளர்த்த வேண்டும். மயிலிறகேயாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்ற வள்ளுவர் இதனைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். இணைப்பு கழன்றாலும் வண்டியின் முன்தண்டு சாலையில் குத்தாது தாங்கிக்கொள்ள, இரண்டு சங்கிலிகளைக் கீழே குறுக்காகப் பூட்டுவர். ஒட்டகத்தைக் கட்டும் கயிறு இதுவன்றோ!

மடலில் என்னை மிகவும் சிந்திக்கவைத்த செய்தி வேறொன்று. கணவர் அருகில் அமர்ந்து நொடிதோறும் திருத்திய வரையில் அவருக்கு எதுவும் கைவரவில்லை. கணவர் இறங்கித் தொலைவில் நின்ற நாளில்தான் வண்டி வசப்பட்டதாம். ஆசிரியப் பணியில் இருக்கும் நாமும் எண்ணிப் பார்க்கத்தக்கது இது. துணிவு பிறவிக் குணமன்று, பயிற்சியின் கனி. தவறுவதற்கு இடமளிக்காத இடத்தில் அக்கனி பழுப்பதில்லை.

பிறர் கதையாக மட்டும் இதனை நான் எழுதவில்லை. தேர்வுப் பணிக்காக நான் வெளியூர் சென்றிருந்த ஓர் இரவில் என் தாயாருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. வாசலில் கார் நின்றது; ஆணியில் சாவி தொங்கியது. ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவனே. "நான் இருக்கும்போது உனக்கேன் இந்த வேலை?" என்று என் மனைவியிடம் பலமுறை கூறியவனும் நானே. பக்கத்து வீட்டார் எழுந்து வரும்வரை அவர் கையைப் பிசைந்து நிற்க நேர்ந்தது. இறையருளால் தாயார் பிழைத்தார். ஆயினும், நான் என் ஒட்டகத்தைக் கட்டாமலே பயணம் போயிருந்தேன் என்பதை அன்று உணர்ந்தேன்.

பெண்களுக்கு இவையெல்லாம் எதற்கு எனப் பெரியோர் சிலர் கேட்பதில் அன்பும் அக்கறையும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், காக்கும் கை எந்நேரமும் அருகில் இருக்கும் என்பதற்கு உறுதி ஏது? ஆடவர் பலர் வளைகுடா நாடுகளில் பணிபுரிய, பெண்களே இல்லங்களைத் தாங்கிவரும் சமுதாயம் நம்முடையது. அவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, அதற்குரிய திறனை மட்டும் ஒப்படைக்காதிருத்தல் எவ்வகையில் நீதியாகும்? கற்பித்தலே சிறந்த காவல்.

பெற்றோரே, கணவன்மாரே! சாவியை அவர்கள் கையில் கொடுங்கள். தவறினால் சினவாதீர்கள், சற்றுத் தொலைவில் நின்று பாருங்கள். மாணவியரே! பட்டத்தோடு இத்தகைய திறன் ஒன்றையேனும் ஈட்டிச் செல்லுங்கள். கட்ட வேண்டியதைக் கட்டிய பின்னர் நம்பிக்கை கொள்வோம். வல்ல இறைவன் துணை நிற்பானாக!