டிரெட்மில் ஒரு வாராக்கடன்

90 நாளுக்கு மேல் தவணை வராத கடனை எங்க வங்கியில் வாராக்கடன்னு எழுதிடுவோம். அந்தக் கணக்கில் நாக்பூர் தமிழ்க் குடும்பங்கள் பலரோட வீட்டு டிரெட்மில்லும் வாராக்கடன்தான். எங்க வீட்டுலயும் ஒண்ணு. இரண்டு டிரான்ஸ்பருக்கு லாரி வாடகை கொடுத்துக் கொண்டு வந்தேன். இப்போ அதுல துண்டு காயுது :-)

போன மாசம் டெலிவரி பையன் கேஸ் சிலிண்டரை வாசல்லயே வச்சுட்டுப் போயிட்டான். 14.2 கிலோ கேஸ், இரும்பும் சேர்ந்தா 30 கிலோ கிட்ட. 46 வயசுல என்னால தூக்க முடியலை. உருட்டிக்கிட்டுப் போனேன். ஊர்லன்னா தம்பியைக் கூப்பிடலாம். இங்க நாளைக்கு அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா யாருங்க தூக்குறது?

"தினமும் வாக்கிங் போறேனே சார்"ங்காதீங்க. நானும்தான் போறேன். உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது வாரம் 150 நிமிஷத்தோட நிக்கலை. வாரத்துல 2 நாளாவது தசைகளுக்குப் பயிற்சி வேணும்னும் சொல்லுது. அந்தப் பாதிக்குத்தான் நாம ஷூ, கையுறை, புரோட்டீன் டப்பான்னு கடைக்கு ஓடுறோம். "காசு போட்டாத்தான் சார் செய்யத் தோணும்" - தவணை கட்டாதவங்களும் இப்படித்தான் நம்பிக்கையா கையெழுத்துப் போட்டாங்க.

ஒரு நாற்காலி போதும். கை ஊன்றாம 10 தடவை உட்கார்ந்து எழுந்திருங்க. சுவர்ல கை வச்சுத் தண்டால்; பழகினதும் ஆடாத மேஜை, அப்புறம் தரை. இரண்டு கையிலயும் 5 கிலோ அரிசிப் பையோட ஹால்ல நடங்க. சுலபமாயிட்டா எண்ணிக்கையைக் கூட்டுங்க. (முட்டிவலி, ரத்த அழுத்தம் உள்ளவங்க டாக்டரைக் கேட்டுட்டு.)

எனக்கு இது அஞ்சாவது வாரம். தரைத் தண்டால் இன்னும் ஒண்ணுகூட வரலை. டிரெட்மில் வேணும்னா சொல்லுங்க, சும்மாவே தர்றேன். லாரி வாடகை உங்களோடது.