தலைப்புத் தானம்

க.பொ.த. உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் செயற்றிட்ட அறிக்கையோ ஆய்வுக் கட்டுரையோ எழுதவேண்டிய கட்டம் வந்ததும் நம் பாடசாலைகள் பலவற்றில் ஒரு சடங்கு நிகழ்கின்றது. ஆசிரியர் கரும்பலகையில் தலைப்புகளை வரிசையாக எழுதுவார். மாணவர் ஆளுக்கொன்றாகப் பெற்றுக்கொள்வர். 'இலங்கையின் பொருளாதார அபிவிருத்தி', 'சூழல் மாசடைதலும் அதன் விளைவுகளும்', 'தமிழர் பண்பாட்டில் மேனாட்டார் தாக்கம்' என்றவாறான தலைப்புகள் அவை. பெற்றவர் முன்னைய ஆண்டு மாணவரின் ஒப்படைகளையும் இணையத்தையும் நாடி முப்பது பக்கங்களை நிரப்பி, வண்ண அட்டை கட்டிச் சமர்ப்பிப்பார். எவரும் எதனையும் கண்டறிந்திலர். எனினும் ஆய்வு நிறைவெய்தியதாகப் புள்ளி வழங்கப்படும்.

இத் தலைப்புத் தானத்தை எதிர்த்தே இக் கட்டுரை எழுதப்படுகின்றது. பாடசாலை ஆசிரியரை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பல்கலைக்கழகத்தார் ஒதுங்கிக்கொள்ளல் நேர்மையாகாது. பாடசாலை மாணவருக்கெனக் கட்டுரைப் போட்டி நடத்தும் தமிழ்ச் சங்கங்கள் தலைப்பை அறிவித்தே போட்டியைத் தொடங்குகின்றன. அத் தலைப்புகளும் மேற்கூறியவற்றின் உடன்பிறப்புகளே. விடுமுறையில் ஊர் செல்லும் கலைப்பீட மாணவரிற் சிலர் இத்தகைய அறிக்கைகளைக் கூலிக்கு எழுதிக் கொடுக்கின்றனர் என்பதும் விடுதிகளில் எவரும் அறிந்த செய்தியே.

பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தலைப்பைத் தெரிவுசெய்யும் அறிவு ஏது என்று கேட்போர் உளர். அவ்வினாவிற் பொருளில்லாமலில்லை. தனியே விடப்படின் அப்பிள்ளையும் 'சூழல் மாசடைதல்' என்றே எழுதிவருவார்; பாடநூலில் அத்தியாயப் பெயராக அவர் கண்டது அதுவே. ஆகவே உதவி வேண்டும். எது உதவி என்பதிலேயே பிணக்கு.

வலிகாமத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த மாணவி நிலத்தடி நீர் மாசடைதல் பற்றி எழுத விரும்புகின்றார் எனக் கொள்வோம். ஆசிரியர் அதனை நிராகரிக்கவும் வேண்டா, அப்படியே ஏற்கவும் வேண்டா. "உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறீர்களா, பிள்ளை?" என்று கேட்டாற் போதும். இல்லை என்று விடை வருமாயின், எப்போதிருந்து, ஏன், அயலில் வேறு எவர் நிறுத்தினர் எனக் கேள்விகள் தாமே கிளைக்கும். அரைமணி நேர உரையாடலில், எங்கள் ஒழுங்கையிலுள்ள பதினான்கு கிணறுகளுள் எவை குடிப்பதற்குப் பயன்படுகின்றன, எவை கைவிடப்பட்டன, எப்போது, எக்காரணத்தால் என்றதொரு வினா உருப்பெற்றுவிடும். அதற்கு ஒரு தலைப்பைச் சூட்டுவது இறுதியில், அறிக்கையைக் கட்டும் நாளிற் செய்யத்தக்க சிறு வேலை.

குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறைமீது அமைந்தது. வற்றாத ஆறு எதுவும் அங்கில்லை. வழுக்கியாறு மழைகாலத்தில் மாத்திரம் ஓடுவது. மழைநீர் பாறை வெடிப்புகளூடாக இறங்கி, கனங்கூடிய உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாகத் தங்குகின்றது. மிகையாக இறைப்பின் உவர் மேலேறும். தோட்டத்தில் இடப்படும் உரத்தின் நைத்திரேற்றும் மலசலகூடக் குழியின் கழிவும் அதே வெடிப்புகளூடாகவே இறங்குகின்றன. இவ்வளவும் நூல்களில் உண்டு. நூல்களில் இல்லாதது அந்த ஒழுங்கை. கயிற்றிற் கல்லைக் கட்டி ஆவணியிலும் மார்கழியிலும் நீர்மட்டத்தை அளக்கலாம். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி என்று பார்க்கலாம். துலா எப்போது கழற்றப்பட்டு இயந்திரம் பூட்டப்பட்டது என்று முதியோரைக் கேட்கலாம். இவற்றுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. நிபுணர் அறிக்கைகள் பின்னர் வந்தன. முதலில் முறையிட்டவர்கள் அந்நீரை அள்ளிப் புழங்கிய மக்களே.

பெருந்தலைப்பு ஏன் இத்துணை விரும்பப்படுகின்றது என்பதும் இவ்விடத்தே தெளிவாகின்றது. கிணறுகளை எண்ணத் தொடங்கும் மாணவி, எவர் எக் கிணற்றில் அள்ளினர், எவர் அள்ளவிடப்படாது வேலிக்கு வெளியே குடத்துடன் காத்துநின்றனர் எனும் செய்தியை வெகுவிரைவிற் சந்திப்பார். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்திற்காகப் போராடவேண்டியிருந்த மண் இது. 'தமிழர் பண்பாடு' எனும் தலைப்பில் முப்பது பக்கங்கள் எழுதலாம். அவற்றுள் ஒரு கிணறேனும் வராது. அதிபருக்குத் தொல்லையில்லை, ஊர்ப் பெரியார் நெற்றி சுருக்கார், பரிசளிப்பு விழாவில் அறிக்கையைக் காட்சிக்கும் வைக்கலாம். அறியாமையால் மட்டுமன்றி, எவரையும் நோகச் செய்யாமையாலும் பெருந்தலைப்பு நம்மிடையே நிலைபெற்றிருக்கின்றது என்பது என் துணிபு.

அங்ஙனமாயின் பிள்ளைகளை ஊர்ப் பகைக்குள் தள்ளுவதா என்று வினவலாம். அன்று. எவரிடம் கேட்பது, எவ்வாறு கேட்பது, யாருடைய பெயரை மறைப்பது, எந்த வினாவைச் சில ஆண்டுகள் பொறுத்துப் பின்னர் எடுப்பது என்பனவற்றை ஊரறிந்த ஆசிரியரே சொல்லவல்லார். பட்டியலை யாரும் எழுதலாம். இதனை அவரொருவரே செய்தல் கூடும்.

பிற பிரதேசங்களின் நிலையும் இதுவே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்து 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' முதலியவற்றை அரங்கேற்றிய வரலாற்றைப் பலரும் எழுதிவிட்டனர். அதனை ஓர் உயர்தர மாணவர் மீண்டும் சுருக்கி எழுதுவதனால் யாருக்கும் பயனில்லை. தம் கிராமத்தில் இறுதியாகக் கூத்து ஆடப்பட்டது எப்போது, அண்ணாவியார் யார், 1978இன் சூறாவளியையும் போரையும் 2004இன் கடற்கோளையும் கடந்து கூத்துக் கொப்பி எவர் வீட்டில் எஞ்சியுள்ளது என்பவற்றை அவர் எழுதுவாராயின் விரிவுரையாளரும் அதனைத் தேடிப் படிப்பர். மலையகத்துத் தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயரொன்றும் தொழிலாளர் வழக்கில் வேறொரு தமிழ்ப் பெயரும் உண்டு. ஒரு தோட்டத்தின் மலைகளுக்கும் லயங்களுக்கும் வழங்கும் பெயர்களைத் திரட்டி அவற்றின் காரணங்களைப் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டறிவது, 'மலையக மக்களின் பிரச்சினைகள்' எனும் கடலில் மூழ்குவதினும் எவ்வளவோ மேல்.

ஆதாரங்கள் இல்லையே என்பது மற்றொரு முறைப்பாடு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதன் இழப்பு ஈடுசெய்ய முடியாதது. போர் ஆண்டுகளில் அழிந்த வீட்டு ஏடுகளுக்குக் கணக்கில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் பல்லாயிரம் வெளியீடுகளை மீட்டுத் தந்துள்ளது. ஆயினும் நம் கண்முன் கிடப்பனவற்றை நாம் ஆதாரமாக மதிப்பதில்லை. முப்பத்தோராம் நாளில் வழங்கப்படும் கல்வெட்டு எனும் நினைவு மலர் எத்தனை வீட்டு அலுமாரிகளிற் கிடக்கின்றது! தேவாரங்களைத் தாண்டிப் புரட்டின் வம்சாவழியும் தொழிலும் புலம்பெயர்ந்த நாடுகளும் அதிற் பதிவாகியுள்ளன. ஒரு கிராமத்தின் நாற்பது கல்வெட்டுகளைக் காலவரிசையில் அடுக்கினால் பிள்ளைகள் எந்த ஆண்டளவில் எந்நாடுகளுக்குப் பிரிந்தனர் என்பது தெரியவரும். பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகமும் வரவு இடாப்பும் அதிபரின் அலுமாரியிலேயே உள்ளன. எம்மாதங்களில் வரவு குறைகின்றது, அது அறுவடையுடனா நோயுடனா பொருந்துகின்றது என்பதைப் பெயர்களை விலக்கிவிட்டு எண்ணிப் பார்க்க அனுமதி ஒன்றே வேண்டும்.

நேரமில்லை என்ற வாதம் மிக எளிதில் விடை காணத்தக்கது. இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் நாட்டில் மாணவரின் பொழுதை ரியூட்டரிகள் விழுங்குவது உண்மையே. ஆனால் முப்பது பக்கம் பார்த்தெழுதவும் நேரம் செல்கின்றது. பதினான்கு கிணறுகளைப் பார்க்க இரண்டு சனிக்கிழமைகள் போதும். அறிக்கையும் எட்டுப் பக்கத்தில் முடிந்துவிடும்.

செய்யத்தக்கது யாது? அடுத்த ஆண்டுப் போட்டியைத் தலைப்பின்றி அறிவிக்கலாம். பங்குபற்ற விரும்பும் மாணவர் முதலில் ஒரு பக்கமே அனுப்பட்டும்: தம் வினா யாது, அதற்கு விடை தரக்கூடியவர் யார், தாம் எதனை எண்ணவோ அளக்கவோ போகின்றார் என்பன அதில் இருத்தல் வேண்டும். விடுமுறையில் ஊர் திரும்பும் சங்க உறுப்பினர் அப்பிள்ளைகளுடன் ஒரு மணி நேரம் அமர்ந்து வினாவைக் குறுக்கிக் கொடுக்கட்டும். எழுதிக் கொடுக்க வேண்டா. தலைப்புகள் வேறுபட்டால் புள்ளியிடுதல் கடினம் என்று நடுவர் கூறுவர். கடினந்தான், ஒவ்வொன்றையும் முழுமையாகப் படிக்கவேண்டி வரும். இப்போது ஒரே மாலையில் எல்லாக் கட்டுரைகளையும் திருத்திவிட முடிவது அவை அனைத்தும் ஒரே கட்டுரையாய் இருப்பதனாலன்றோ! போட்டி அறிவித்தல் தை மாதத்திற் பாடசாலைகளுக்குச் செல்வதாதலால், புதிய செயற்குழு தெரிவானதும் நடைபெறும் முதற் கூட்டத்திலேயே இதனை விவாதத்திற்கு எடுத்தல் வேண்டும்.